சிகரெட் தாளில் பிறந்து சுன்னாகம் வந்த ஒலி

கோயில் திருவிழா மேளச்சமாவைப் பதிந்த கசெற்றின் பூர்வீகம் ஒரு சிகரெட். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபிரிட்ஸ் ஃபுளோய்மர் சிகரெட்டின் வாய்ப்பக்கத்தில் பொன்னிறக் கோடு பதிக்கும் முறையைக் கண்டறிந்திருந்தார். தாளில் உலோகத்தூளை ஒட்டத் தெரிந்தவருக்கு, இரும்புத்தூளை ஒட்டி ஒலியைப் பதியலாமே என்று தோன்றியது. 1928இல் ஒலிநாடா பிறந்தது.

உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஜாக் முல்லின், ஜெர்மானியரின் இரண்டு பதிவுக்கருவிகளைக் கழற்றி, துண்டுதுண்டாகத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார். வானொலியில் நேரடியாகப் பாடிச் சலித்திருந்த பிங் கிராஸ்பி அதைக் கேட்டு மயங்கி, அம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தார். அமெரிக்க நாடாத் தொழில் அப்படித்தான் தலையெடுத்தது.

1963இல் பிலிப்ஸின் லூ ஒட்டன்ஸ் குழு நாடாவைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. அளவு பார்க்க ஒட்டன்ஸ் ஒரு மரத்துண்டையே பையில் போட்டுத் திரிந்தாராம். சோனி விடாப்பிடியாகப் பேசியதில் பிலிப்ஸ் உரிமத்தை இலவசமாக விட்டுக்கொடுத்தது. அதன்பின் கசெற் செய்யாத நாடில்லை.

சுன்னாகத்துக்கும் அது வந்து சேர்ந்தது. பக்கத்து அளவெட்டியின் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இன்று அவரது வாசிப்பைக் கேட்க ஒலிப்பதிவுகளே கதி. 1990களின் பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே யாழ்ப்பாணக் குடாநாடு பாட்டும் செய்தியும் கேட்டது.

இதற்கிடையே யப்பானில் ஒலி எண்ணாக மாறியிருந்தது. ஆரம்பத்தில் அந்த எண்களைச் சேமிக்க வீடியோ நாடாவே கிடைத்தது. அதன் வரிகளுக்குள் அடங்கும் கணக்கில் நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று முடிவானது. 1982இல் வந்த சீடியும் அதே எண்ணையே எடுத்துக்கொண்டது.

வீட்டுக் கசெற்றுகளை எண்ணாக்க விரும்புவோர் பலரும் முதலில் கணினியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். காசைப் போடவேண்டியது கசெற்றை ஓட்டும் கருவியில். இப்போது விற்கும் மலிவான ஓட்டிகளில் பெரும்பாலானவை, டனாஷின் என்ற யப்பானிய நிறுவனத்தின் பழைய பொறியமைப்பைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றில் வேகம் தள்ளாடும். பழுதுபார்த்த பழைய டெக் எவ்வளவோ மேல்.

நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றர்கூட இல்லை. ஓட்டியின் காந்தத்தலை இம்மி சரிந்தாலும் தவிலில் வலந்தலையின் கூர்மை மங்கி, தொப்பியின் முழக்கமே மிஞ்சும். தலையருகே உள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி தெளியும் இடத்தில் நிறுத்தவேண்டும். ஹெட்போன் துளையை விட்டு, லைன் அவுட் வழியே ஒரு யூஎஸ்பி ஒலி இடைமுகத்துக்குக் கொடுங்கள். 24 பிட்டில், நொடிக்கு 48,000 மாதிரிகளாவது எடுங்கள். 96,000 என்றால் ஆவணக்காரர் மெச்சும் தரம். எம்பி3 ஆக அல்ல, வேவ் கோப்பாகவே வையுங்கள். ஒரு பிரதியை வெளிநாட்டு உறவினரிடமும் கொடுத்துவையுங்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் மீளவே இல்லை. 2005 முதல் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் ஈழத்து எழுத்துகளை எண்ணாக்கி வருகிறது. ஒலியைக் காக்கும் பொறுப்பு கசெற் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. நல்ல ஓட்டியும் அதைத் திருத்தத் தெரிந்த கைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.