பிரெய்ரிப் புல்வெளி மீண்ட வரலாறு

காடு அழிந்தது என்று கேட்டால் நாம் வருந்துகிறோம். புல் அழிந்தது என்று கேட்டாலோ, அதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். மழை பெய்தால் முளைப்பதும் மாடு மேய்ந்தால் மறைவதுமாகிய ஒன்றுக்கு வரலாறும் உண்டோ? உண்டு. ஐக்கிய அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் அத்தகைய புல்வெளி ஒன்று பரந்து கிடந்தது. அது உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் சென்றன. அது மறைய ஏறக்குறைய ஒரு மனிதனின் வாழ்நாளே போதுமாயிற்று. எஞ்சிய துண்டுகளைப் பொதுமக்கள் தம் கைகளால் காத்து வரும் செய்தியையே இங்குக் கூற விழைகிறோம்.

அப்புல்வெளிக்குப் 'பிரெய்ரி' என்று பெயர். புல்தரை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றோரைத் தயங்க வைக்கும் சொல்லும் அதுவே. புல்வெளி என்றதும் ஆடு மாடுகள் மேயும் குறும்புல் தரையே நம் மனக்கண் முன் நிற்கிறது. பிரெய்ரியிலோ, நீலத்தண்டுப் புல் என்னும் இனம் ஆறடிக்கு மேல் ஓங்கி ஆளையே மறைத்துவிடும். அதன் வேர் மண்ணுக்குள் பத்தடி வரையில் இறங்கும். புல்லோடு நூற்றுக்கு மேற்பட்ட பூஞ்செடிகளும் அங்கே கலந்து வளரும். மேலே காண்பதைவிடக் கீழே மறைந்திருப்பதே மிகுதி. ஆதலால் பெயரை மாற்றாமல் பிரெய்ரி என்றே வழங்குவோம்.

இல்லினாய் மாநிலத்தை இன்றும் 'பிரெய்ரி மாநிலம்' என்றே அழைக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு 2 கோடி 20 லட்சம் ஏக்கர் அளவில் பிரெய்ரி இருந்ததாகக் கணக்கிடுவர். மரம் முளைக்காத மண் வளமற்றது என்று குடியேறியோர் பலர் முதலில் கருதினர். உழுது பார்த்தவர்களுக்கும் தொல்லையே மிஞ்சியது. வேர்கள் பின்னிய அக்கரிய மண் கலப்பையில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. 1837-ஆம் ஆண்டில் ஜான் டீர் என்னும் கொல்லர், உடைந்த இரம்பத் தகட்டைக் கொண்டு மெருகேறிய எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். மண் அதில் ஒட்டாமல் வழுக்கிச் சென்றது. பின்பு அரை நூற்றாண்டுக்குள் பிரெய்ரியின் பெரும்பகுதி வயலாகிவிட்டது.

கலப்பைக்கு முன்னரே நிகழ்ந்த மற்றொரு மாறுதலையும் நாம் மறத்தலாகாது. அந்நிலத்தின் ஆதிக்குடிகள் காய்ந்த புல்லுக்கு அவ்வப்போது தீயிட்டு வந்தனர். தீ மரக்கன்றுகளைக் கருக்கும். மண்ணுக்குள் உயிரை வைத்திருக்கும் புல்லோ மீண்டும் தழைக்கும். 1833-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின்படி பொட்டவாட்டமி மக்களும் அவர்களைச் சார்ந்தோரும் தம் நிலத்தை இழந்து, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் செல்ல நேர்ந்தது. அவர்களோடு அவர்கள் இட்ட தீயும் அகன்றது. உழவுக்குத் தப்பிய இடங்களையும் புதர் மூடியது.

1978-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் இயற்கை நிலங்களைக் கணக்கெடுத்து முடித்தபோது, கெடாத பிரெய்ரி ஏறத்தாழ 2,300 ஏக்கரே இருந்தது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அது எஞ்சியிருந்த இடங்களும் வியப்பிற்குரியவை. இருப்புப்பாதையின் ஓரங்களிலும், முதற்குடியேறிகளைப் புதைத்த பழைய இடுகாடுகளிலும் அது ஒண்டியிருந்தது. பிரெய்ரியை உழுது அழித்தோரின் கல்லறைகளே அதன் கடைசி விதைகளைக் காத்து நின்றன. ராபர்ட் பெட்ஸ் என்னும் பேராசிரியர் இவ்விடுகாடுகளைத் தேடித் தேடி ஆராய்ந்தார்.

இழந்ததை மீண்டும் உண்டாக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் தொடங்கிற்று. மாடிசன் நகரிலுள்ள அதன் மரச்சோலை 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆல்டோ லியோபோல்டு போன்ற அறிஞர்கள் வழிகாட்ட, பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த இளைஞர்களைக் கொண்டு அரசு அமைத்த பணிப்படையினர், பழைய பண்ணை நிலம் ஒன்றில் பிரெய்ரிச் செடிகளை நட்டனர். ஆனால் அயல்நாட்டுக் களைப்புற்கள் எளிதில் அகலவில்லை. 1940-களில் ஜான் கர்ட்டிஸ் முதலியோர் தீயிட்டுச் சோதித்த பின்னரே, தீயின்றிப் பிரெய்ரி இல்லை என்பது நன்கு விளங்கிற்று. ஆதிக்குடிகள் செய்து வந்ததைப் பல்கலைக் கழகம் நூறாண்டு கழித்துக் கற்றுக்கொண்டது.

அறிஞர்கள் கண்ட வழியைப் பொதுமக்கள் கையில் எடுத்துக்கொண்டது 1977-ஆம் ஆண்டில். சிகாகோ ஆற்றின் வடகிளையை ஒட்டிய பொது நிலங்களில், புதருக்கிடையே திணறிக் கொண்டிருந்த பிரெய்ரித் துண்டுகளை ஸ்டீவ் பக்கார்டு என்பவர் கண்டார். அவர் திரட்டிய தொண்டர்கள் விடுமுறை நாட்களில் கூடினர். புதரை வெட்டினர், களையைப் பிடுங்கினர், இருப்புப்பாதை ஓரங்களில் விதை பொறுக்கி வந்து தூவினர். இதற்குச் சற்று முன்பே, 1975-ஆம் ஆண்டில், சிகாகோவை அடுத்த பெர்மி அணு ஆய்வுக் கூடத்தின் பெருவளையத்திற்குள்ளும் பெட்ஸின் முயற்சியால் பிரெய்ரி விதைக்கப்பட்டது. அங்கும் விதை சேர்த்துத் தந்தவர்கள் தொண்டர்களே.

அவ்வுழைப்பின் பயனை இளவேனிலில் காணலாம். பனி விலகியதும், பயிற்சி பெற்றோர் காற்றின் திசை பார்த்துக் காய்ந்த புல்லுக்குத் தீயிடுகின்றனர். மறுநாள் காண்போர் கண்ணுக்கு அது சுடுகாடு போலவே தோன்றும். ஆனால் கரிந்த தரை வெயிலை ஈர்த்து விரைவில் சூடேறுகிறது. சில வாரங்களில் கருமையைப் பிளந்துகொண்டு பசுமை எழுகிறது. குளிர்காலத்தின் ஈரக்குளிரில் கிடந்தாலன்றி முளைக்காத விதைகள் கண் விழிக்கின்றன. மே மாதத்தில் எரிமீன் எனப் பெயர் பெற்ற மலர், இதழ்களைப் பின்னோக்கி மடித்துத் தலை கவிழ்ந்து பூக்கிறது. பெருவண்டு போன்ற காட்டுத் தேனீ அதனைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்தால்தான், அவ்வதிர்வில் மகரந்தம் உதிரும். அம்மாதத்திலேயே தென்னமெரிக்காவிலிருந்து பாபோலிங்க் என்னும் சிறு பறவை கூடு கட்ட வந்து சேர்கிறது.

இப்பணி எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. மரம் நடுதலே அறம் என்று நம்பியிருந்தோர்க்கு, மரத்தை வெட்டியும் புல்லை எரித்தும் இயற்கையைக் காப்பதாகச் சொன்னது விந்தையாகப் பட்டது. எதிர்ப்பு வலுத்து, 1996-ஆம் ஆண்டில் சிகாகோ நகரம் அடங்கிய குக் மாவட்டத்தில் இப்பணிகளுக்கே தடை விதிக்கப்பட்டது. பின்னர்ப் படிப்படியாகத் தடை நீங்கியது. எதிர்த்தோரைக் குறை கூறுவதற்கில்லை. பொது நிலத்தில் கோடரி ஏந்துவோர் பொதுமக்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்களே.

விதைத்து உண்டாக்கிய பிரெய்ரி பழைய பிரெய்ரிக்கு நிகராகுமா? ஆகாது என்பதே உண்மை. முதியனவற்றில் உள்ள செடியினங்கள் பல புதியனவற்றில் எளிதில் நிலைகொள்வதில்லை. அதனாலேயே இடுகாட்டில் எஞ்சிய ஒரு ஏக்கருக்கு அத்துணை மதிப்பு. ஓராண்டு தீயும் கைப்பணியும் தவறினால் புதர் ஓரடி முன்னேறும். எனவே இது முடிவுற்ற வரலாறு அன்று; ஒவ்வோர் இளவேனிலிலும் தொடர வேண்டிய வேலை.

இத்தொண்டர்களில் பெரும்பாலோர் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். பிழைப்பு நாடி எங்கிருந்தோ வந்தோரின் வழித்தோன்றல்கள். மரபு தந்த உரிமையால் அன்றி, மண்டியிட்டுக் களை பறித்த உழைப்பாலேயே அவர்கள் அந்நிலத்தின் பூவையும் புல்லையும் பெயர் சொல்லி அறிந்தனர். பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாமும், நாம் குடியிருக்கும் ஊரின் புல்லுக்கு அவ்வூர் மக்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியத் தொடங்கலாம்.