மலையேறிய கடலோடிகள்: ஊவாவில் மலாயர்

ஊவாவின் நடுவே ஏறத்தாழ 6,680 அடி உயரத்தில் எழுந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்களை உடையதென்ற கருத்திலேயே சிங்கள மொழியில் அதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. அதன் சரிவுகளிற் பரந்து கிடப்பன தேயிலைத் தோட்டங்கள். அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். எத்திசையில் இறங்கி நடந்தாலும் ஒரு நாளிற் கடலைக் காணவியலாத இந்நிலப்பகுதியின் வரலாற்றிற் கடலோடிகளுக்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும், பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மலாயர் என்னும் சிறு சமூகமொன்று பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றது. தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் இவர்களைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் கடந்து செல்வர். இரு சமூகத்தினரும் ஒரே தோட்டத்தில், ஒரே பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் என்பதை நோக்குமிடத்து இம்மௌனம் பொருத்தமுடையதன்று.

இத்தீவுகளின் மக்கள் கடலோடுவதில் உலகிற் பழம்பெருமை வாய்ந்தோர். போர்னியோத் தீவின் தென்பகுதியிற் பேசப்படும் மொழிக்கும், இந்துமாக் கடலின் மறுகோடியிலுள்ள மடகாஸ்கரின் மொழிக்கும் நெருங்கிய உறவுண்டு. ஐரோப்பியர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இப்பெருங்கடலைக் கடந்து குடியேறிய மக்கள் இவர்கள் என்பதற்கு அம்மொழியுறவே சான்று. தமிழருக்கும் இவர்கள் அந்நியரல்லர். மணிமேகலை சாவக நாட்டைப் பேசுகின்றது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை ஸ்ரீவிசய மன்னரின் கொடை. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. நட்பும் பகையும் மாறி மாறி நிகழ்ந்த இவ்வுறவின் தடம் மலாய் மொழியிலும் உண்டு. கப்பலை அவர்கள் 'காப்பால்' என்பர். கடையைக் 'கெடாய்' என்பர். வணிகத்தின் முதல் அவர்களுக்கு 'மோடால்'. கடலையே வாழ்வாகக் கொண்ட மக்கள் கப்பலுக்குரிய சொல்லொன்றைத் தமிழிலிருந்து பெற்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஈழத்துக்கு இவர்கள் படையெடுத்து வந்ததும் உண்டு. தாம்பிரலிங்கத்து மன்னனான சந்திரபானு, இரண்டாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியில், 1247இல் முதன்முறை இலங்கைமீது படையெடுத்தான். பின்னரும் ஒருமுறை வந்து தோல்வியுற்றான். பாண்டியர் கல்வெட்டுக்கள் அவனைச் சாவகன் எனக் குறிக்கும். சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரை இச்சாவகரோடு தொடர்புபடுத்துவர் வரலாற்றாசிரியர். எனினும் இன்றைய மலாயரைச் சந்திரபானுவின் படையினரின் நேர்வழியினராகக் கொள்வதற்கு இடமில்லை. பழம்பெருமையைத் தேடி அரச வமிசங்களோடு தம்மை இணைத்துக்கொள்ளும் ஆசை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானது. மலாயருக்கும் அது விலக்கன்று. உண்மையில் இவர்களின் வரலாறு ஒல்லாந்தரோடு தொடங்குகின்றது.

ஒல்லாந்தர் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களின் கிழக்கிந்தியக் கும்பனிக்குப் பத்தாவியாவே தலைமையிடம். எனவே அங்கிருந்து இலங்கைக்கு மூவகை மக்கள் வந்து சேர்ந்தனர். கும்பனியின் படையிற் கூலிக்குச் சேர்ந்த போர்வீரர் ஒரு சாரார். குற்றவாளிகளும் அடிமைகளும் மற்றொரு சாரார். கும்பனியை எதிர்த்தமையால் நாடு கடத்தப்பட்ட மன்னரும் இளவரசரும் சமயப் பெரியாரும் மூன்றாம் சாரார். யாவாவின் மன்னனாயிருந்த மூன்றாம் அமங்குராத் 1708இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டான். மக்காசாரைச் சேர்ந்த ஞானி ஷெய்கு யூசுப் 1684இல் இங்கு கொண்டுவரப்பட்டு, பத்தாண்டுகளின் பின் நன்னம்பிக்கை முனைக்கு அகற்றப்பட்டார். ஒல்லாந்தருக்கு இலங்கை ஒரு கறுவாத் தோட்டமாகவும், அதேவேளை ஒரு சிறைச்சாலையாகவும் பயன்பட்டது.

யாவர், மதுரா தீவினர், பூகியர், அம்போனியர், தீதோரேயர் எனப் பல இனத்தாரை ஒரே பெயரால் அழைத்தது ஆட்சியாளரின் வசதிக்காகவே. ஒல்லாந்தர் அவர்களை யாவர் என்றனர். சிங்களவர் இன்றும் 'ஜா' என்றே வழங்குவர். தமிழ் முஸ்லிம்களிடத்தும் 'ஜாவா' என்ற வழக்குண்டு. பொதுமொழி மலாய் என்பதைக் கண்ட ஆங்கிலேயர் மலாயர் என்றனர்; அதுவே நிலைத்தது. ஆகவே மலாயர் என்ற இனம் கப்பலில் வந்திறங்கியதன்று. இலங்கையின் படைமுகாம்களில் உருவானது எனலாம்.

1796இற் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் இவ்வீரர்களைத் தம் படையிற் சேர்த்துக்கொண்டனர். 1803இற் கண்டிமீது படையெடுத்த மேஜர் டேவியின் படையில் மலாய் வீரரும் இருந்தனர். அப்படை அழிவுற்றபொழுது அவர்களின் தலைவனான கப்டன் நூரதீன் சிறைப்பட்டான். தன்பக்கம் சேருமாறு ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் விடுத்த அழைப்பை மறுத்தமையால் அவன் கொல்லப்பட்டான். அதே கண்டியரசனின் படையிலும் மலாயர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. நாடு இழந்தோர் தமக்குப் படியளந்தவர் பக்கம் நின்று ஒருவரோடொருவர் பொருத வரலாறு இது. நூரதீனின் விசுவாசத்தைப் போற்றும் எழுத்தாளர் பலர் இதனைப் பேசுவதில்லை.

ஊவாவுக்கு மலாயர் வந்த சூழ்நிலையும் பெருமைக்குரியதன்று. 1817இற் பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரியான வில்சன் வெல்லஸ்ஸவிற் கொல்லப்பட்டதோடு பெருங்கிளர்ச்சி வெடித்தது. அதனை அடக்குவதற்குத் தேசாதிபதி பிறவுன்றிக் ஏவிய படைகள் ஊவாவின் வீடுகளையும் வயல்களையும் அழித்தன. அப்படைகளில் மலாய் வீரரும் இருந்தனர். அடக்குமுறைக்குப் பின் பதுளை ஒரு படைநிலையாயிற்று. 1827இல் இலங்கை றைபிள் படை எனப் பெயர்பெற்ற படைப்பிரிவில் மலாயரே பெருந்தொகையினர். அதன் அதிகாரியான மேஜர் ரோஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் இருந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்று, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த தேவாலயம் இன்றும் உளது. அவர் கீழிருந்த சாதாரண வீரர்களுக்கு அத்தகைய நினைவுச்சின்னம் எதுவுமில்லை.

1873இல் றைபிள் படை கலைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படைத்தொழிலன்றி வேறு தொழில் அறியாத குடும்பங்கள் பிழைப்புத் தேட வேண்டியவாயின. பொலிஸ் சேவை பலருக்கு இடமளித்தது. 1864இற் சரதியேலைப் பிடிக்கச் சென்று உத்துவன்கந்தையில் உயிர்நீத்த துவான் சபான் மலாயரே. அவர் மறைந்த மார்ச்சு 21ஆம் நாளையே இலங்கைப் பொலிஸார் ஆண்டுதோறும் வீரர் தினமாக நினைவுகூருகின்றனர். பொலிஸிற் சேராதோர் பலர் தோட்டங்களை நோக்கினர். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. கட்டளையிட்டும் கட்டளைக்குப் பணிந்தும் பழகியவர், தமிழும் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் பேச வல்லவர். துரைமாருக்கும் தொழிலாளருக்கும் இடையே நிறுத்துதற்கு இவர்கள் ஏற்றவராகத் தோன்றியதில் வியப்பில்லை. இவ்வாறு மலாயர் சிலர் தோட்டத்தார் நாவிற் 'கண்டாக்கையா' ஆயினர். சிலர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் ஆயினர். கடலோடியின் பேரன் கொழுந்து நிறுக்கும் தராசின் அருகே நின்றான்.

அத்தராசின் மறுபுறம் நின்றோரும் கடல் கடந்தவரே. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தோரின் துயரம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர் அப்பயணம் எளிதாயிற்று, வாழ்வு எளிதாகவில்லை. ஒரு சாராரைத் துவக்கின் பொருட்டும் மறுசாராரைக் கோப்பியின் பொருட்டும் கொண்டுவந்து சேர்த்தது ஒரே ஏகாதிபத்தியம். எனினும் சுதந்திர இலங்கை இவ்விரு சாராரையும் ஒரே கண்ணால் நோக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. மலாயரோ பொதுவாக இந்நாட்டவராகவே கொள்ளப்பட்டனர். அச்சட்டம் நிறைவேறிய காலத்துத் தொழில், சமூக சேவை அமைச்சராக அமைச்சரவையில் வீற்றிருந்தவர் மலாயரான ரி. பி. ஜாயா. சாகிராக் கல்லூரியின் அதிபராகப் பல ஆண்டுகள் ஒப்பற்ற கல்விப்பணி ஆற்றியவர் அவர். அவரது பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. ஆயினும் நாட்டின் தொழிலாளருட் பெரும்பகுதியினர் வாக்குரிமை இழக்க வழிவகுத்த அரசின் தொழில் அமைச்சர், தாமும் கடல்வழி வந்த மரபினர் என்பது வரலாற்றின் கசப்பான முரண்களுள் ஒன்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நமுனுகுலத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாருக்கு இரயிலேறின. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

அரசியல் பிரித்துவைத்த இவ்விரு மக்களையும் மொழி வேறொரு வகையில் இணைத்துள்ளது. இலங்கை மலாய், தன் தாய்நிலத்து மலாயினின்றும் இலக்கண அமைப்பிற் பெரிதும் வேறுபட்டது. தாய்நிலத்து மலாயிற் பெயருக்கு முன்னே இடைச்சொல் நிற்கும்: 'கெ ரூமா' என்றால் வீட்டுக்கு, 'டி ரூமா' என்றால் வீட்டில். இலங்கை மலாயிலோ உருபு பெயரின் பின்னே ஒட்டும்: வீட்டுக்கு 'ரூமாநங்', வீட்டில் 'ரூமாகா'. நாம் நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை எனப் பயின்றவை அப்படியே மலாய்ச் சொற்களில் உருப்பெற்று நிற்பதைக் காணலாம். 'சாயா மாவ்', அதாவது 'நான் வேண்டும்' என்பது போன்று தாய்நிலத்து மலாய் பேச, மலைநாட்டு மலாயர் 'செடங் மாவ்' என்பர். எனக்கு வேண்டும் என்ற தமிழமைப்பே அது. பிறர் கூற்றை எடுத்துரைக்குமிடத்து, 'என்று' நிற்கும் இடத்தில் 'கத்தா' வந்து நிற்கும். வினை வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றுவிடும். சொற்கள் யாவையும் மலாய். அவை அடுக்கப்பட்ட முறையோ தென்னாசியாவுக்குரியது.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? மலாயரின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஹுசைன்மியா, மலாய் வீரர் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்தமையை வலியுறுத்துவார். ஒரே பள்ளிவாசலிற் தொழுவோரிடையே மணவுறவு ஏற்படுதல் இயல்பு; தாய்மாரின் தமிழ் பிள்ளைகளின் மலாயிற் புகுந்தது என்பது அவர் கருத்தின் சாரம். மொழியியலாளர் அன்சால்டோ போன்றோர் இதனை ஏற்பதில்லை. படைமுகாம்களில் மலாய்ப் பெண்களும் குடும்பங்களும் இருந்தமையையும், சிங்களமும் தமிழைப் போன்ற அமைப்பே உடையது என்பதையும் எடுத்துக்காட்டுவர். இரண்டாவது வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 'எனக்கு வேண்டும்' என்பதைச் சிங்களவரும் 'மட்ட ஓனே' என நான்காம் வேற்றுமையிலேயே கூறுவர். ஆகவே இது தமிழின் தனிவெற்றி எனப் பறைசாற்றுவது ஆராய்ச்சியாகாது. தமிழும் சிங்களமும் இருபுறமும் சூழ, மூன்று மொழிகளையும் நாள்தோறும் பேசிய மக்களின் நாவில் இம்மொழி மெல்ல மெல்ல உருமாறியது எனக் கொள்வதே பொருந்தும். 2009இல் நோர்டொஃப் வெளியிட்ட மலைநாட்டு மலாய் இலக்கணம் இவ்வமைப்புக்களை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. நன்னூலும் தொல்காப்பியமும் பயிலும் மாணவர் இதனையும் ஒருமுறை நோக்குவாராயின், வேற்றுமை என்பதன் இயல்பைப் புதிதாக உணர்வர்.

கொடுத்தது தமிழ் மட்டுமன்று, பெற்றதும் உண்டு. ஈழத் தமிழர் உடுக்கும் சாரம் மலாயரின் 'சாரோங்'. ரம்புட்டான் என்னும் கனிப்பெயர் மயிரைக் குறிக்கும் 'ரம்புட்' என்ற மலாய்ச் சொல்லின் அடியாகப் பிறந்தது. பெருநாளில் முஸ்லிம் வீடுகளிற் பரிமாறப்படும் வட்டிலப்பமும் மலாயரின் கைவண்ணம் என்பர்.

எழுத்திலும் இவர்கள் பின்தங்கியவரல்லர். பாபா யூனுஸ் சல்தீன் 1869இற் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ச் செய்தித்தாளை அரபு எழுத்தில் வெளியிட்டார். சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' தோன்றுவதற்கு ஏழாண்டுகள் முற்பட்டது அது. மலாய் உலகின் முதற் செய்தித்தாள்களுள் ஒன்று மலாயாவிலன்றி இலங்கையிற் பிறந்தது. தன் நிலத்துக்கு அது இட்டபெயரும் இலங்காபுரி என்பதே.

அவ்வெழுத்தை இன்று வாசிக்க வல்லோர் அரியர். மலாய் எந்தப் பாடசாலையிலும் போதனாமொழியாக அமையவில்லை. ஊவாவின் மலாய்ப் பிள்ளைகள் தமிழிலோ சிங்களத்திலோ கல்வி பயில்கின்றனர். 2012இன் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் மலாயர் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. அவருட் பலர் வீட்டிலும் மலாய் பேசுவதை விட்டுவிட்டனர். குழந்தைகள் தெருவில் விளையாடும்பொழுதும் இம்மொழியைப் பேசக் கேட்ட இடமென ஆய்வாளர் சிறப்பாகக் குறிப்பது அம்பாந்தோட்டைக்கு அப்பாலுள்ள கிரிந்தையை. அது கடற்கரையூர். மலையேறியவரின் பேரப்பிள்ளைகளோ 'ரூமாநங்' என்பதை மறந்து 'வீட்டுக்கு' என்கின்றனர்.