நூதனசாலையும் மாணவர் உழைப்பும்: அகாசியும் அவர்தம் உதவியாளரும்

பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இயற்கை வரலாற்று நூதனசாலைகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், அவற்றை நிறுவிய பேராசிரியர்களையும் அவற்றிற்குப் பொருளுதவிய செல்வர்களையும் விரிவாகப் பேசுவர். பீப்பாய்களிலே வந்திறங்கிய மீன்களையும் பெட்டிகளிலே வந்த சிப்பிகளையும் எடுத்துக் கழுவி, இனம் பிரித்து, பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டி, ஏட்டிற் பதிந்து வைத்த மாணவர்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதப்படுவதில்லை. ஆயின் அத்தகைய நூதனசாலைகள் யாவும் மாணவர் உழைப்பின் மீதே எழுந்தவை. அவ்வுழைப்பு கல்வியா, தொண்டா, வேலையா என்னும் வினா எழுந்த பொழுதெல்லாம் ஆசிரியர்க்கும் மாணவர்க்குமிடையிற் பூசலும் எழுந்துள்ளது. இவ்வினா மிகக் கூர்மையாக வெளிப்பட்ட ஓரிடம் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஒப்பீட்டு விலங்கியல் நூதனசாலையாகும். அங்கு 1859ஆம் ஆண்டிற்கும் 1866ஆம் ஆண்டிற்கும் இடையில் நிகழ்ந்தவற்றை ஈண்டு நோக்குவோம்.

இந்நூதனசாலையை உருவாக்கியவர் லூயி அகாசி. 1807இல் சுவிற்சர்லாந்திற் பிறந்து, நியூசத்தெல் என்னும் ஊரிற் பேராசிரியராயிருந்து, புதைபடிவ மீன்கள் பற்றியும் பனியாறுகள் பற்றியும் எழுதிய நூல்களால் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றவர். 1846இல் அமெரிக்காவுக்கு வந்தார்; அடுத்த ஆண்டே ஹாவார்டில் அவருக்குப் பதவி கிட்டியது. பேச்சாற்றல் மிக்கவர். அவருடைய பொது விரிவுரைகளைக் கேட்கப் பொஸ்ரன் நகரத்து மக்கள் திரள் திரளாக வந்தனர். அவர் மீன்கள் வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தால், நாடெங்குமிருந்து மீன்பிடிகாரரும் பாடசாலை ஆசிரியரும் பீப்பாய் பீப்பாயாக அனுப்பினர். பிரான்சிஸ் கலி கிறே என்பவர் விட்டுச் சென்ற 50,000 டொலரும், மசாசூசெற்ஸ் மாநிலச் சட்டசபை வழங்க இணங்கிய 100,000 டொலரும், தனிப்பட்டோர் நன்கொடைகளும் சேர, 1859இல் நூதனசாலை சட்டபூர்வமாக நிறுவப்பட்டது. 1860 நவம்பரில் அதன் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது.

கட்டடத்துக்குப் பணம் கிடைத்தது. வேலையாட்களுக்குக் கிடைத்த பணமோ மிகச் சிறிது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மாணவர்களே. அவர்களின் பெயர்களை ஒருமுறை நினைவுகூர்தல் தகும்: எட்வேட் மோர்ஸ், அடிசன் வெரில், அல்பியஸ் ஹயற், அல்பியஸ் பக்கார்ட், பிரெடெரிக் பற்னம், சாமுவேல் ஸ்கடர், நதானியேல் ஷேலர், அல்பேட் பிக்மோர். ஏறத்தாழ அனைவரும் இருபதை அண்டிய வயதினர். இவர்களில் மோர்சின் கதை தனிச் சுவையுடையது. மேயின் மாநிலத்துப் போட்லண்ட் நகரிலே, புகைவண்டி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வரைபடம் வரைபவராயிருந்தவர் அவர். பாடசாலைக் கல்வி அவருக்கு ஒத்துவரவில்லை. நத்தைகளையும் சிப்பிகளையும் சேகரிப்பதிலேயே மனம் சென்றது. பதின்பருவம் கடவாத நிலையிலேயே அறிவியலுலகு அறிந்திராத ஒரு சிறு நில நத்தையைக் கண்டுபிடித்தவர். பட்டமோ பரீட்சைச் சான்றிதழோ இல்லாத இவ்விளைஞரை அகாசி தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். இத்தகைய ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடும் இடமாக அன்றைய நூதனசாலை அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஊதியம் சிறிதாயினும் ஊதியம் இருந்தது; ஊதியத்திலும் மேலாக, உலகின் எப்பகுதியிலிருந்தும் வந்த மாதிரிகளைக் கையாலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது.

அகாசியின் கற்பித்தல் முறை பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. அற்ககோலில் ஊறிய மீனொன்றைப் புதிய மாணவன் முன் வைத்து, நூலெதனையும் நாடாது, எவரோடும் பேசாது, அதனையே பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிச் செல்வது அவர் வழக்கம். ஸ்கடர் மூன்று நாட்கள் ஒரே மீனைப் பார்த்த அனுபவத்தை 1874இல் எழுதி வெளியிட்டார். அக்கட்டுரை இன்றுவரை மாணவர்க்குப் பாடமாக வைக்கப்படுகிறது. ஷேலரும் தம் சுயசரிதையில் இத்தகையதோர் அனுபவத்தைக் கூறுகிறார். இம்முறையின் சிறப்பைப் பலரும் புகழ்ந்துள்ளனர், நாமும் புகழலாம். ஆயின் அந்த மூன்று நாட் பயிற்சிக்குப் பின்னர் வந்த மாதங்களில் அதே மாணவன் நூற்றுக்கணக்கான மீன்களை இனம் பிரித்து நூதனசாலைக்கு அடுக்கித் தந்தான் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பயிற்சியும் வேலையும் அங்கு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது எங்கே முடிந்தது என்று சொல்லல் அரிது. 1861இல் ஹயற், ஷேலர், வெரில் ஆகிய மூவரும் சென்ற் லோரன்ஸ் வளைகுடாவிலுள்ள அன்ரிகோஸ்ரித் தீவுக்குச் சென்று சேகரித்து வந்தனரே, அப்பயணம் எவ்வகையைச் சாரும்?

பூசலின் முதற் குரல் இம்மாணவர் குழாத்திலிருந்து எழவில்லை. அவர்களிலும் மூத்தவரான ஹென்றி ஜேம்ஸ் கிளாக் என்பவரிடமிருந்து எழுந்தது. கிளாக் நுணுக்குக்காட்டி வேலையிற் கைதேர்ந்தவர். அகாசியின் மாணவராயும் பின்னர் உதவியாளராயும் பல்லாண்டுகள் உழைத்து, 1860இல் ஹாவார்டில் துணைப் பேராசிரியர் பதவி பெற்றவர். 1857 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அகாசியின் பெருநூலில், ஆமைகளின் முளைய வளர்ச்சி முதலாய பகுதிகளின் ஆய்வு வேலையைப் பெரிதும் செய்தவர் அவரே. நூலின் முகப்பிலோ அகாசியின் பெயர் மட்டுமே இருந்தது. 1863இல் கிளாக், அறிவியற் சொத்துக்கான ஒரு கோரிக்கை எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரத்தை அச்சிட்டு வெளியிட்டார். ‘சொத்து’ என்னும் அச்சொல்லை அவர் தெரிந்தே கையாண்டார் எனலாம். உழைப்பவனுக்குக் கூலி கொடுத்துவிட்டால் அவன் கண்டறிந்ததும் கூலி கொடுத்தவனுடையதாகிவிடுமா என்பதே அவர் எழுப்பிய வினா. ஹாவார்ட் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது.

அகாசியைப் பொறுத்தவரை இஃது புதிய அனுபவமன்று. நியூசத்தெலிலேயே அவர் உதவியாளர், ஓவியர், அச்சிடுவோர் எனப் பலரைச் சேர்த்து ஓர் அறிவியற் பட்டறையை நடத்தியவர். அங்கு அவருடன் உழைத்த எட்வேட் டெசோர், கார்ல் போக்ற் ஆகியோரும் பின்னர் இதே குற்றச்சாட்டையே கூறினர். ஆகவே இதனைத் தனியொருவரின் சினமாகக் கருதி ஒதுக்குதல் பொருந்தாது. ஒரே தலைவரின் கீழ்ப் பலர் உழைத்து, விளைபொருள் அனைத்தும் தலைவரின் பெயரிலேயே சந்தைக்குச் செல்லும் அமைப்பொன்று அங்கு நிலவியது.

அதே 1863ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அகாசி நூதனசாலைக்கெனப் புதிய ஒழுங்குவிதிகளை வகுத்தார். நூதனசாலையின் வேலை நேரத்தில் எவரும் தமக்கென வேலை செய்யலாகாது. அங்கு பணிபுரிவோர் தமக்கெனத் தனிச் சேகரிப்பு வைத்திருத்தலாகாது. அங்கு செய்யப்படும் ஆய்வின் பயன் நூதனசாலைக்கே உரியது என்பன அவற்றின் சாரம். உள்நாட்டுப் போரின் நடுப்பகுதி அது. பொருள்களின் விலை ஏறிக்கொண்டிருந்தது. மாணவர்கள் ஊதிய உயர்வு கேட்டனர். தாம் ஆராய்ந்ததைத் தம் பெயரில் வெளியிடும் உரிமையும் கேட்டனர். இரண்டிற்கும் திருப்தியான விடை கிடைக்கவில்லை. 1863ஆம் ஆண்டின் முடிவிலும் 1864இலுமாக அவர்கள் ஒருவர்பின் ஒருவராக நூதனசாலையை விட்டு நீங்கினர். வெரில் 1864இல் யேல் பல்கலைக்கழகத்தின் முதல் விலங்கியற் பேராசிரியரானார். பற்னம் தம் பிறந்த ஊராகிய சேலத்துக்குச் சென்றார். மோர்ஸ், பக்கார்ட், ஹயற் ஆகியோரும் பின்னர் அங்கு கூடினர். (சேலம் என்றதும் தமிழ்நாட்டுச் சேலத்தை நினைத்தல் வேண்டா, இது மசாசூசெற்ஸ் கரையிலுள்ள பழைய துறைமுக நகர்.) இதனால் இந்நிகழ்ச்சி வரலாற்றிலே ‘சேலம் பிரிவினை’ என்று வழங்கப்படலாயிற்று.

இப்பிரிவினைக்கு டார்வினின் கொள்கையே காரணம் என்று கூறுவோர் உளர். நூதனசாலை நிறுவப்பட்ட அதே 1859இலேயே டார்வினின் நூல் வெளிவந்தது. அகாசி கூர்ப்புக் கொள்கையை இறுதிவரை எதிர்த்தார். அவருடைய மாணவர்களோ காலப்போக்கிற் பெரும்பாலும் அதனை ஏற்றுக்கொண்டனர். இவையாவும் உண்மை. எனினும் 1863இல் மாணவர்கள் முன்வைத்த முறைப்பாடுகளை நோக்கின், அவை ஊதியம், நேரம், மாதிரிகளின் உடைமை, வெளியீட்டு உரிமை என்பன பற்றியனவாகவே உள்ளன. பெருங் கொள்கைகளின் மோதலாக வரலாற்றைக் காட்டுவதில் எழுதுவோர்க்கு ஒரு கவர்ச்சியுண்டு; சம்பளப் பிரச்சினை அத்துணைக் கவர்ச்சி உடையதன்று. ஆயினும் மேசையருகே நின்று வேலை செய்தவர்களுக்கு முதலில் உறைத்தது அதுவே என்பது எம் கருத்து.

அகாசியின் பக்கத்து நியாயத்தையும் கூறாதுவிடின் நடுநிலை ஆகாது. நூதனசாலை பொதுப்பணத்திலும் நன்கொடையிலும் வளர்ந்தது. அதன் மாதிரிகளை ஒவ்வொருவரும் தம் பெட்டிக்குள் எடுத்துச் செல்லின் சேகரிப்பு என ஒன்று எஞ்சாது. அவர் தமக்கெனச் செல்வம் சேர்த்தவருமல்லர். 1855 முதல் 1863 வரை அவருடைய துணைவியார் எலிசபெத் வீட்டில் நடத்திய பெண்கள் பாடசாலையின் வருமானமே குடும்பத்தின் பொருள் நெருக்கடியைத் தீர்த்தது. மாதிரிகளின் உடைமை பற்றிய விதி சரியானதே. இன்றும் எந்த நூதனசாலையும் அவ்விதியைக் கைவிடாது. ஆனால் மாதிரி வேறு, அதனை ஆராய்ந்து ஒருவன் அறிந்தது வேறு. இவ்விரண்டையும் ஒரே கயிற்றாற் கட்டியதே அகாசி செய்த பிழை.

பிரிந்து சென்றோர் வாடிவிடவில்லை. 1867இல் ஜோர்ஜ் பீபொடி என்னும் செல்வர் வழங்கிய 140,000 டொலரைக் கொண்டு சேலத்தில் பீபொடி அறிவியற் கழகம் தோன்றியது. பற்னம் அதன் தலைமையை ஏற்றார். அதே ஆண்டில் நால்வரும் சேர்ந்து ‘அமெரிக்கன் நாச்சுரலிஸ்ற்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினர். தம் பெயரில் எழுத இடமில்லை என்று வெளியேறியவர்கள் தாமே ஒரு சஞ்சிகையை அமைத்துக்கொண்டமை தற்செயலானதன்று. அச்சஞ்சிகை இன்றும் வெளிவருகிறது. மோர்ஸ் பிராக்கியோபோடுகளைத் தேடி 1877இல் யப்பான் சென்று, தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராகி, யோக்கோகாமாவிலிருந்து தோக்கியோ செல்லும் புகைவண்டியிலிருந்து கண்ட ஓமோரிச் சிப்பிமேட்டை அகழ்ந்து, அந்நாட்டின் அகழ்வாராய்ச்சிக்கே கால்கோளிட்டார். பற்னம் பின்னர் ஹாவார்டுக்கே திரும்பித் தொல்லியல் நூதனசாலையின் பொறுப்பை ஏற்றார். பிக்மோர் நியூயோர்க்கிலே 1869இல் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலை தோன்றக் காரணராயினார்.

மாணவர்கள் நீங்கிய பின் அகாசி மேற்கொண்ட பெருமுயற்சி 1865ஆம் ஆண்டின் பிரேசிற் பயணமாகும். நதானியேல் தாயர் என்னும் செல்வர் அதற்குப் பொருளுதவினார். இப்பயணத்தில் இரு வகையினர் சென்றனர். ஓவியர் பேர்க்கார்ட், புவியியலாளர் சார்ல்ஸ் ஹாட், பறவையியல் பயின்ற ஜோயல் அலன் முதலியோர் உதவியாளர். இவர்களுக்கப்பால் தொண்டர்களாகச் சேர்ந்த மாணவர் சிலரும் இருந்தனர். தொண்டர் தம் சொந்தச் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தமையால் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே அவ்விடங்களைப் பெற்றனர் என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்ளலாம். அவர்களுள் ஒருவர் பின்னர் உளவியலிலும் மெய்யியலிலும் உலகப் புகழ் பெற்ற வில்லியம் ஜேம்ஸ். அப்பொழுது அவருக்கு இருபத்துமூன்று வயது. றியோ நகரில் அம்மைநோய் கண்டு படுத்தார். எழுந்தபின் மீன்களைப் பொதி செய்யும் இயந்திர வேலையிற் சலிப்புற்றார். சேகரிப்பாளர் வாழ்வு தமக்கு உரியதன்று என்று தெளிந்து, பயணம் முடிவதற்கு முன்னரே திரும்பினார். தமக்கு எது ஒவ்வாது என்று அறிந்ததும் ஒரு பயனே. 1896இல் அகாசியைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் நன்றியுணர்வு மிகுந்து காணப்படுகின்றது. ஊதியம் பெற்றுச் சென்ற ஹாட்டோ பிரேசிலைத் தம் வாழ்வின் களமாகவே ஆக்கிக்கொண்டு, மீண்டும் மீண்டும் அங்கு சென்று, 1875இல் அந்நாட்டுப் புவியியல் ஆணைக்குழுவின் தலைவராகி, 1878இல் றியோவிலேயே இறந்தார். அமேசன் பள்ளத்தாக்கைப் பனியாறு மூடியிருந்தது என்னும் அகாசியின் முடிவையும் அவர் கைவிட நேர்ந்தது.

1873இல் அகாசி தம் இறுதி முயற்சியாகப் பெனிக்கீஸ் தீவிலே ஒரு கோடைக்காலப் பாடசாலையைத் தொடங்கினார். ஏறக்குறைய ஐம்பது பேர், பெரும்பாலும் ஆசிரியர்கள், கற்க வந்தனர். ஹாவார்ட் தன் வாயிலைப் பெண்களுக்குத் திறவாதிருந்த அக்காலத்திலே இங்கு பெண்களும் சேர்க்கப்பட்டனர். பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்து சென்ற பக்கார்ட்டும் அங்கு கற்பிக்க வந்தமை உறவு சீரடைந்திருந்ததைக் காட்டுகின்றது. அங்கு பயின்ற டேவிட் ஸ்ரார் ஜோர்டன் பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். அப்பல்கலைக்கழகத்திற் பயின்ற ஜோசப் கிறினெல், அன்னி அலெக்சாண்டர் என்னும் பெண்மணியின் கொடையால் 1908இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எழுந்த முள்ளந்தண்டுளி விலங்கியல் நூதனசாலையின் இயக்குநரானார். கிறினெலும் கண்டிப்பானவரே. களத்திற்குச் செல்வோர் எழுதும் குறிப்பேடு நூதனசாலைக்கே உரியது என்றார். ஆனால் குறிப்பேட்டில் எழுதியவரின் பெயரும், பெயர்ச்சீட்டிற் சேகரித்தவரின் பெயரும் தவறாது நின்றன. 2003 முதல் அதே நூதனசாலையினர் யோசெமிற்றி முதலிய இடங்களை மீண்டும் ஆராய்ந்தபொழுது, அக்குறிப்புகளை எழுதியவர் யார், எந்நாளில் எவ்விடத்தில் நின்று எழுதினார் என்பதை அறிந்தே ஒப்பிட முடிந்தது.

அகாசி 1873 டிசம்பரில் மறைந்தார். கிளாக் பென்சில்வேனியா, கென்ரக்கி, மசாசூசெற்ஸ் என விவசாயக் கல்லூரிகள் பலவற்றில் மாறி மாறிக் கற்பித்து, அதே ஆண்டின் யூலை மாதத்தில், நாற்பத்தேழாம் வயதிற் காலமானார். காம்புடைய ஒருவகைச் சொறிமுட்டைகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த ஆய்வை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1878இல் அச்சேற்றியது. அந்நூலின் முகப்பில் அவர் பெயர் மட்டுமே உள்ளது.