நாலு வரிப் பதிவுகள்

"நாளைக்கு எழுதுவம்" என்று தள்ளிப்போடாத ஆள் நம்மில் யார்? எக்ஸாம் முடியட்டும், லீவு வரட்டும்... காரணத்துக்கா பஞ்சம்!

1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டிக்கும் வேலைக்குக் குறைவில்லை. புத்தளத்தில் மணியகாரர், 1838இலிருந்து சட்டநிரூபண சபை உறுப்பினர், பிறகு சிலாபத்தில் நீதிபதி. இதுக்கு நடுவில்தான் எழுதினார். 1834இல், 27 வயதில், இலங்கை ஊர்களை அகரவரிசையில் சொல்லும் 'சிலோன் கசற்றியர்' வந்தது. 1859இல் தமிழ்ப் புலவர்களைப் பற்றிய 'தமிழ் புளூட்டாக்'. இரண்டுமே ஆங்கிலத்தில். அடுத்த வருசம் காலமானார்.

அந்த நூல்களின் அமைப்பைப் பாருங்க. ஊருக்கு ஒரு பதிவு, புலவருக்கு ஒரு பதிவு. சில புலவர்களுக்குச் சில வரிகள் மட்டும்தான். முழு விபரமும் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்த வரிகளும் இல்லை. 1886இல் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதும்போது, இந்த நூல் அவருக்கு முன்னாலேயே இருந்தது.

முழுசாக ஒரு நாள் நமக்குக் கிடைக்கப்போறதில்லை. உங்க ஊர் உப்பளம், கரைவலை, பழைய கோட்டை பற்றி நாலு வரி எழுத இன்றைக்கே நேரம் இருக்கு. எழுதி, திகதியும் போட்டு வைங்க.