புழைக்கடையும் பொடக்காளியும்

கோவையில் நான் பாடம் நடத்தும் வகுப்பில், சொற்பொருள் காண்பதற்குக் கைப்பேசி அகராதியைப் பயன்படுத்த மாணவர்களை அனுமதிப்பதுண்டு. ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "பொடக்காளின்னு போட்டா ஒண்ணுமே வரலைங்க ஐயா. அப்ப அது தமிழ் இல்லைங்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பாட்டி நாள்தோறும் புழங்கும் சொல் அது. வீட்டின் பின்புறத்தைக் குறிப்பது.

அகராதிகளின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். நம் முன்னோர் சொற்களை எழுத்து வரிசையில் கற்கவில்லை. பொருள் வரிசையில் கற்றனர். திவாகர நிகண்டின் பன்னிரு தொகுதிகளில் முதற்பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வழியே அமைந்தவை. திண்ணைப் பள்ளி மாணவர்கள் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். ஒரு பொருளை நினைத்த அளவில் அதன் பெயர்கள் நிரலாக நாவில் வரும்.

1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கொணர்ந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்ட அந்நூலில், பொருள்வழி நுழையும் வாயிலையும் அவர் அடைத்துவிடவில்லை. பிற்கால அகராதிகளில் எழுத்து வரிசையே நிலைபெற்றது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் அனுபந்தமாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வட்டார வழக்குகள் பலவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஆயினும் எழுத்து வரிசையில் ஒரு சொல்லைக் காண, அதன் எழுத்து வடிவம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒலிப்பில் திரிந்த சொல்லைக் கொண்டு வருபவருக்கு அங்கே வழியில்லை.

இணையம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. சிகாகோ பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகன், வின்சுலோ, பெப்ரீசியசு அகராதிகளை இணையத்தில் ஏற்றியபோது, பொருள் விளக்கத்துக்குள்ளும் தேடும் வசதி கிடைத்தது. நிகண்டின் பொருள்வழி வேறோர் உருவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

அன்று மாணவர்களிடம், சொல்லைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள் என்றேன். கொல்லை, புறக்கடை எனச் சென்று புழைக்கடையை அடைந்தோம். புழை என்பது சிறுவாயில். கடை என்பதும் வாயிலே. பொடக்காளி இதன் திரிபாகலாம் என்று கருத இடமுண்டு.

கருவியால் இவ்வளவுதான் முடியும். எவரும் கேட்டு எழுதிவைக்காத சொல் எந்தத் தேடலிலும் அகப்படாது. கரிசல் மண்ணுக்குக் கி. ராஜநாராயணனும் (1982), கொங்குக்குப் பெருமாள்முருகனும் (2000) வட்டாரச் சொல்லகராதிகளைத் தொகுத்தது இக்குறையை உணர்ந்துதான். கவலை ஓட்டிய கிணறுகளில் மின்மோட்டார் வந்தபின், சால், தும்பி, வடம் எல்லாம் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சுகின்றன.

இப்போது என் மாணவர்கள் விடுமுறையில் ஆளுக்குப் பத்துச் சொற்களைக் கைப்பேசியில் பாட்டி, தாத்தா குரலிலேயே பதிந்து வருகிறார்கள். முதலில் வந்த பதிவு பொடக்காளி. அந்த மாணவி கொண்டுவந்தது.