கணினிக்குள் ஒரு கணினி, கருவிக்குள் ஒரு மென்பொருள்: ஒரு சிறு வரலாறு

லினக்ஸ் மட்டுமே நிறுவியுள்ள ஒரு கணினி. பக்கத்தில் ஒரு எம்பி3 பிளேயரோ, ஜிபிஎஸ் கருவியோ, செல்பேசியோ இருக்கிறது. தயாரித்த நிறுவனம் அந்தக் கருவியின் ஃபர்ம்வேருக்குப் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதை ஏற்றும் நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். 2000-களில் உலகம் முழுவதும் பலர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கருவி கையில் இருந்தும், அதைச் சரிசெய்ய இன்னொரு இயங்குதளத்தின் தயவு தேவைப்பட்டது.

அவர்களில் பலர் எடுத்த வழி மெய்நிகர் கணினி. லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸை நிறுவி, யுஎஸ்பி வழியாகக் கருவியை அதனிடம் ஒப்படைத்தார்கள். பலருக்கு வேலை முடிந்தது. சிலருக்குப் பாதியில் நின்று, கருவி வெறும் செங்கல் ஆனது. அது ஏன் நடந்தது என்று புரிய வேண்டுமானால் 1960-களுக்குப் போக வேண்டும். ஃபர்ம்வேர், மெய்நிகர் கணினி இரண்டுமே ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கணினிக் குடும்பத்தைச் சுற்றி வளர்ந்தவை.

அட்டையில் இருந்த ஃபர்ம்வேர்

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. சிறிய மாடல், பெரிய மாடல் என்று பல இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு. ஆனால் உள்ளே இருந்த மின்சுற்றுகள் மாடலுக்கு மாடல் வேறுபட்டன. இந்த வேறுபாட்டை மறைக்கப் பெரும்பாலான மாடல்களில் மைக்ரோகோட் என்ற நுண்நிரல் வைக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளையையும் அந்தந்த மின்சுற்றுக்குப் புரியும்படி உடைத்துக் கொடுப்பது அதன் வேலை.

மாடல் 30-இல் இந்த நுண்நிரல் துளையிட்ட மைலார் அட்டைகளில் இருந்தது. பிழை இருந்தால் பொறியாளர் நேரில் வந்து அட்டையை மாற்ற வேண்டும். அந்தக் காலத்து ஃபர்ம்வேர் அப்டேட் அதுதான்.

ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-இல் ஆஷர் ஆப்ளர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். மாற்றி எழுதக்கூடிய நுண்நிரலைத்தான் அவர் அப்படி அழைத்தார். வன்பொருள் அளவுக்குக் கெட்டியும் இல்லை, மென்பொருள் அளவுக்கு இளகலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ளது என்பது பொருள். கருவிக்குள் நிலையாகத் தங்கி அதை இயக்கும் எந்த நிரலுக்கும் பிற்காலத்தில் இந்தப் பெயர் பொதுவாகிவிட்டது. தமிழில் நிலைபொருள் என்றும் எழுதுகிறார்கள்.

ஃப்ளாப்பி பிறந்த காரணம்

அடுத்து வந்த சிஸ்டம்/370 வரிசையின் சில மாடல்களில் நுண்நிரல் நிலையான அட்டைகளில் இல்லை. மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் இருந்தது. ஆகவே கணினியை இயக்கும்போதெல்லாம் அதை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு மலிவான, தபாலில் அனுப்பக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் 1967-இல் தொடங்கிய அந்தத் தேடலின் விளைவுதான் 8 அங்குல ஃப்ளாப்பி வட்டு. 1971-இல் வெளிவந்த அதன் கொள்ளளவு சுமார் 80 கிலோபைட். வாடிக்கையாளரால் அதைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது.

பாட்டும் படமும் கல்லூரி ப்ராஜெக்டும் சுமந்து திரிந்த ஃப்ளாப்பி, முதலில் பிறந்தது ஃபர்ம்வேரை ஏற்றுவதற்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஒரு கணினி பதினான்கானது

அதே காலத்தில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. எம்ஐடியின் ப்ராஜெக்ட் மேக் திட்டம் தன் நேரப்பகிர்வு முறைக்கு ஐபிஎம்மை விட்டுவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ராபர்ட் கிரீஸியும் லெஸ் காமோவும் அடங்கிய ஒரு சிறு குழு, ஐபிஎம் கணினியிலும் நேரப்பகிர்வு முடியும் என்று காட்ட முனைந்தது.

அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. ஒரே இயங்குதளத்தைப் பலருக்குப் பங்கிடுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு முழுக் கணினி இருப்பதுபோல் காட்டுவது. நினைவக முகவரிகளை மாற்றித்தரும் கூடுதல் வன்பொருள் பொருத்திய மாடல் 40 கணினியில் ஓடிய சிபி-40 என்ற நிரல், 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் கணினிகளை அது நடத்தியது. அதன் வழித்தோன்றலான விஎம்/370, 1972 ஆகஸ்ட் 2 அன்று அறிவிக்கப்பட்டது.

விஎம்/370-ஐ வாங்கியவர்களில் பலர் அதைப் பயன்படுத்திய விதம் கவனிக்க வேண்டியது. புதிய இயங்குதளத்துக்கு மாறும்போது பழைய இயங்குதளத்தையும் அதன் நிரல்களையும் அதே கணினியில் பக்கத்திலேயே ஓடவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து எம்பி3 பிளேயருக்காக லினக்ஸுக்குள் விண்டோஸை நிறுவியவர் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

ஜன்னல் வைத்த சிப்

ஃபர்ம்வேர் கைக்கருவிக்குள் போக வேண்டுமானால் அது சிப்புக்குள் அடங்க வேண்டும். ஆனால் தொழிற்சாலையிலேயே எழுதி மூடிய ரோம் சிப்பில் ஒரு பிழை இருந்தால் சிப்பையே தூக்கிப்போட வேண்டும். இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971-இல் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் உருவாக்கிய ஈப்ராம் சிப்பின் தலையில் குவார்ட்ஸ் கண்ணாடியால் ஆன சிறு ஜன்னல் இருந்தது. புறஊதா விளக்கின் கீழ் சிறிது நேரம் வைத்தால் எழுதியது அழியும், பிறகு புதிதாக எழுதலாம். வெளிச்சம் பட்டு அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வைப்பார்கள்.

சிப்பைக் கழற்றாமலே, மின்சாரத்தால் மட்டும் மொத்தமாக அழித்து எழுதும் ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கினார். 1984-இல் அதை உலகுக்கு அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் வெட்டுவதுபோல ஒரே வீச்சில் அழிவதால் அந்தப் பெயர் வந்தது. 1988-இல் இன்டெல் இந்த வகைச் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அதன் பிறகு ஃபர்ம்வேரை மாற்றப் பொறியாளர் வரத் தேவையில்லை. ஆனால் உரியவர் எழுத முடிந்தால் ஆகாதவரும் எழுத முடியும். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் என்ற வைரஸ் விழித்தது. விண்டோஸ் 95, 98 கணினிகளின் வன்தட்டை அழித்ததோடு நிற்காமல், சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பின் மேலும் குப்பையை எழுதியது. தென் கொரியா, துருக்கி, இந்தியா எனப் பல நாடுகளில் கணினிகள் பாதிக்கப்பட்டன. ஃபர்ம்வேர் பாழானால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பதைச் சாதாரண மக்கள் பெரிய அளவில் உணர்ந்தது அப்போதுதான்.

மேசைக்கு வந்த மெய்நிகர் கணினி

மெயின்பிரேமில் முப்பது வருடமாக இருந்த மெய்நிகர் கணினி, வீட்டுக் கணினிக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் ஒரு விதியை எழுதினார்கள். கணினியின் நிலையைத் தொடும் எந்தக் கட்டளையும், உரிமை இல்லாத நிரல் கொடுத்தால், மேற்பார்வை நிரலிடம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இன்டெல்லின் எக்ஸ்86 சிப்கள் இதற்கு உட்படவில்லை. உதாரணமாக பாப்எஃப் என்ற கட்டளை, இன்டரப்ட் கொடியை மாற்றும் உரிமை இல்லாதபோது, பிழை எதுவும் எழுப்பாமல் அந்த மாற்றத்தை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்படி ஒன்று நடந்ததே மேற்பார்வை நிரலுக்குத் தெரியாது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்விலிருந்து கிளைத்து 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், சிக்கலான கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து இந்தத் தடையைத் தாண்டியது. 1999-இல் அதன் வொர்க்ஸ்டேஷன் வெளிவந்தது. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் சிப்பிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007 ஜனவரியில் விர்ச்சுவல்பாக்ஸின் திறமூலப் பதிப்பு வந்தது. ஆனால் யுஎஸ்பி வசதி அப்போது அந்தத் திறமூலப் பதிப்பில் இல்லை. மூடிய பதிப்பில்தான் இருந்தது. கருவியை உள்ளே அனுப்ப நினைத்த லினக்ஸ்காரருக்கு அங்கேயும் ஒரு பூட்டு.

கருவி காணாமல் போகும் நொடி

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். கருவி ஏன் செங்கல் ஆனது?

யுஎஸ்பியில் செருகிய ஒவ்வொரு கருவியும் தன்னை இரண்டு எண்களால் அறிமுகம் செய்துகொள்ளும். ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றொன்று பொருள் எண். மெய்நிகர் கணினி மென்பொருள் இந்த எண்களைப் பார்த்துத்தான் கருவியை வெளியே இருக்கும் இயங்குதளத்திடமிருந்து பிடுங்கி உள்ளே இருக்கும் விண்டோஸிடம் தருகிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்ம்வேர் தன்னைத்தானே அழித்து எழுதிக்கொள்வது ஆபத்து. ஆகவே அப்டேட் தொடங்கியதும் பல கருவிகள் யுஎஸ்பி இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, பூட்லோடர் என்ற சிறு நிரலோடு மறுபடி எழும். 1999-இல் வெளிவந்த டிஎஃப்யு என்ற யுஎஸ்பி தரமும் இந்த முறையைத்தான் வகுத்தது. எழும்போது கருவியின் பொருள் எண் பெரும்பாலும் மாறிவிடும். ஐபோனை எடுத்துக்கொண்டால் சாதாரண நிலை, மீட்பு நிலை, டிஎஃப்யு நிலை என்று மூன்று நிலைகளிலும் எண் வேறு வேறு.

இங்கேதான் சிக்கல். மெய்நிகர் கணினிக்குப் பழைய எண் மட்டுமே சொல்லப்பட்டிருக்கும். புதிய எண்ணோடு எழுந்த கருவியை லினக்ஸ் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் விண்டோஸ் நிரலோ கருவிக்காகக் காத்திருந்து, கடைசியில் பிழை என்று சொல்லி நின்றுவிடும். எழுதத் தொடங்குவதற்கு முன்பே நின்றால் பாதிப்பு இல்லை. பாதி எழுதியபின் இணைப்பு போனால், பூட்லோடர் பிழைத்திருக்கும் கருவி தப்பும். பூட்லோடரையும் சேர்த்து அழித்தெழுதும் கருவிக்கு மீட்சி கடினம்.

அனுபவப்பட்டவர்கள் இதற்குக் கண்ட மருந்து சிறியது. விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி வடிகட்டியில் பொருள் எண்ணைக் காலியாக விட்டுவிட்டு, தயாரிப்பாளர் எண்ணை மட்டும் குறிப்பது. கருவி எந்த நிலையில் எழுந்தாலும் தயாரிப்பாளர் எண் மாறாத வரை நேராக உள்ளே போய்விடும். அதோடு பேட்டரியை நிரப்பி வைப்பது, நடுவில் கேபிளைத் தொடாமல் இருப்பது.

பின்வாசல் தேவைப்படாத வழி

இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை என்று காட்டிய கருவிகளும் இருந்தன. 2007-இல் வந்த ஓப்பன்மோகோ திட்டத்தின் நியோ 1973 செல்பேசியை லினக்ஸிலிருந்தே டிஎஃப்யு முறையில் புதுப்பிக்கலாம். அடுத்த ஆண்டு வந்த ஃப்ரீரன்னரில், கெட்டுப்போனால் காப்பாற்றுவதற்கென்றே தனிச் சிப்பில் ஒரு பூட்லோடர் வைத்தார்கள். விற்பனையில் அவை வெல்லவில்லை. ஆனால் தரம் பொதுவாக இருந்தால் எந்தக் கணினியிலிருந்தும் எழுத முடியும் என்பதை நிரூபித்தன.

பெரிய நிறுவனங்கள் வேறு பாதையில் போயின. 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்தபின் ஐபோன்கள் கணினியின் துணை இல்லாமல் காற்றுவழியே தங்களைப் புதுப்பித்துக்கொண்டன. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 இரட்டைப் பகுதி முறையைக் கொண்டுவந்தது. புதியது ஒரு பக்கம் எழுதப்படும்போது பழையது மறுபக்கம் அப்படியே இருக்கும், தவறினால் அதற்கே திரும்பலாம். லினக்ஸ் பக்கம், 2015-இல் ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எஃப்டபிள்யூ-அப்-டி திட்டம், நிறுவனங்களே தங்கள் ஃபர்ம்வேரை லினக்ஸ் பயனர்களுக்கு நேரடியாகத் தர வழி செய்தது.

ஆனாலும் மெய்நிகர் கணினியின் வேலை முடிந்துவிடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. அதில் மட்டுமே ஓடும் அப்டேட் நிரல்களைக் கொண்ட பழைய கருவிகள் பல வீட்டு அலமாரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தயாரித்த நிறுவனம் கைவிட்டாலும், ஒரு கோப்புக்குள் அடங்கிய எக்ஸ்பி அவற்றைக் கைவிடுவதில்லை.

1967-இல் அட்டையை மாற்ற ஐபிஎம் பொறியாளர் வர வேண்டியிருந்தது. அந்த இயந்திரம் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது, ஆகவே அதில் நியாயம் இருந்தது. கையடக்கக் கருவி அப்படி அல்ல, விலை கொடுத்து வாங்கியது. அதன் உள்ளே எழுதும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை, மெய்நிகர் கணினி என்ற பின்வாசலைத் தேடிப்போன ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.