எண்பது கட்டங்களில் ஒரு விண்கோள் – காவலூர் சொல்லும் கதை

இணையத்தில் படிவம் நிரப்பும்போது கவனித்திருப்பீர்கள். பிறந்த தேதிக்கான கட்டத்தில் எட்டு எண்களை மட்டும் தட்டுகிறோம். நடுவில் வரவேண்டிய சாய்கோடுகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தை அழுத்தினால் ஒன்றும் விழாது. இதைத்தான் கணினித் துறையில் 'இன்புட் மாஸ்க்' என்கிறார்கள். எந்த இடத்தில் எது வரவேண்டும் என்று முன்கூட்டியே வெட்டி வைத்த அச்சு அது.

இது இணையத்தோடு பிறந்தது அல்ல. இதன் வேர்கள் துளையட்டைக் காலத்தில் இருக்கின்றன. அந்த வரலாற்றில் நம் ஜவ்வாது மலைக்கும் ஓர் இடம் உண்டு!

துளையட்டையின் வாரிசு

1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தினார். 1928-ல் ஐ.பி.எம். நிறுவனம் 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு வரிசை. எந்த வரிசையில் துளை விழுந்தது என்பதை வைத்தே இயந்திரம் பொருள் புரிந்துகொண்டது. ஒரு வரிசை தள்ளி விழுந்தால் அர்த்தமே மாறிவிடும்.

1947-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பால் ஹெர்கெட் தலைமையில் சிறுகோள் மையம் தொடங்கப்பட்டது. துளையட்டை இயந்திரங்களை வானியல் கணக்குகளுக்குப் பழக்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1978-ல் மையம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜுக்கு மாறியது. அட்டைகள் மறைந்தன, ஆனால் 80 என்ற எண் மறையவில்லை. ஒரு சிறுகோளை ஒருமுறை பார்த்தால் 80 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. இதுவே உலக வானியலாளர்களின் பொது வடிவமானது.

அந்த வரியில் முதல் 5 இடங்கள் சிறுகோளின் நிரந்தர எண்ணுக்கு. 6 முதல் 12 வரை தற்காலிகப் பெயர். 13-வது இடத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது கண்டுபிடிப்பு! 16 முதல் 32 வரை தேதி. அடுத்து வானில் அதன் இருப்பிடம். கடைசி மூன்று இடங்கள் பார்த்த ஆய்வுக்கூடத்தின் குறியீடு.

காவலூரில் ஒரு பிப்ரவரி

ஜவ்வாது மலையில் காவலூரில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இந்திய வான்இயற்பியல் மையத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நகர வெளிச்சம் இல்லாத இருண்ட வானத்துக்காக வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது. 1986-ல் ஆய்வுக்கூடத்துக்கும் அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

1980-களின் பிற்பகுதியில் 'கல்கி' என்ற தேடல் திட்டம் இங்கே நடந்தது. 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களில், நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் பெயரும் புள்ளிகளைத் தேடினார்கள். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கிடைத்த தற்காலிகப் பெயர் '1988 டிக்யூ1'.

கேட்க விசித்திரமாக இருக்கிறதா? இதுவும் ஓர் அச்சுதான். ஆண்டை இருபத்து நான்கு அரை மாதங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து தருகிறார்கள். எண் 1 என்று குழம்பிவிடக்கூடாது என்பதால் 'ஐ' எழுத்து கிடையாது. 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி. 'க்யூ1' என்றால், இருபத்தைந்து எழுத்துகளும் ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் பதினாறாவது. அதாவது அந்த அரை மாதத்தில் 41-வது! ஒரு பெயருக்குள் இவ்வளவு செய்தி.

பின்னர் அது 4130 என்ற நிரந்தர எண் பெற்று, கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியது.

அச்சு காப்பாற்றாதது

இடமாற்றக் கணக்கில் நிமிட எண் ஒன்று தவறினாலே, வான நடுக்கோட்டருகே கால் பாகை விலகிவிடும். முழு நிலவின் அகலத்தில் பாதி அது. மறுநாள் தேடுபவர் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்டெடுத்த சிறுகோள் தொலைந்தே போகலாம்.

அச்சு வடிவத்தைக் காக்கும், உண்மையைக் காக்காது. 14 என்பதை 41 என்று எழுதினாலும் இரண்டு எண்கள்தானே, நிமிடக் கட்டம் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் ஒரே இரவுப் பதிவை நம்பாமல், பல இரவுப் பதிவுகளைப் பாதையோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

அச்சு ஒருநாள் போதாமலும் போகும். நிரந்தர எண்ணுக்கு ஐந்தே இடங்கள். சிறுகோள்கள் 99,999-ஐத் தாண்டியபோது முதல் இடத்தில் எழுத்தைப் புகுத்திச் சமாளித்தார்கள். அது 6,19,999 வரைதான் தாங்கியது. பிறகு இன்னொரு குறி தேவைப்பட்டது. 2015-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் கட்ட எண்ணிக்கைக்குக் கட்டுப்படாத புதிய வடிவத்தை ஏற்றது.

இன்று படிவம் வடிவமைக்கும் மாணவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் கட்டத்தின் முன், இன்ஷியல் மட்டுமே உள்ள தமிழர் திகைத்து நிற்பது நாம் அறிந்ததே. அங்கே தவறு மனிதரிடம் இல்லை, கட்டத்தில்தான். நிரப்புபவர் கைதவறாமல் இருக்கத்தான் அச்சு. அவரை வெட்டித் திணிப்பதற்கு அல்ல.